கரிபூவைத் தேடி 1,400 கிலோமீட்டர்: டெம்ப்ஸ்டர் சாலைப் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியிலிருந்து உறவினர், நண்பர் குழுக்களுக்குப் பயணம் அமைத்துத் தருவது என் தொழில். காசி, பத்ரிநாத், பர்மாவில் நம் முன்னோர் கட்டிய கோயில்கள், மலேசியாவின் தண்டாயுதபாணி கோயில்கள் என்று நான் போடும் தடமெல்லாம் ஏதாவது ஒரு சன்னிதியில் போய் முடியும். கோயில் இருந்த இடத்தில் இருக்கும். நடை திறக்கும் நேரம் தெரிந்தால் போதும். சென்ற ஆண்டு ஜூலையில் என் குடும்பத்துக்கே நான் போட்டுக்கொடுத்த பயணம் அப்படிப்பட்டதல்ல. கனடாவின் வடமேற்கு மூலையில், யூக்கானில், டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் காட்டு விலங்கு பார்க்கப் போனோம். எதற்காகப் போனோமோ அதை முதல் ஐந்து நாளில் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை, பிறகு எப்படிப் பார்த்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன். கோடையில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, கனடா போகும் பெற்றோர் நம் பக்கத்தில் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் இதே பயணத்துக்கு என்னிடம் திட்டம் கேட்டிருக்கிறார்கள். நான் போட்ட திட்டத்தை அப்படியே அவர்களிடம் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போனவர்கள்

ஆறு பேர். 74 வயது அப்பச்சி, நான், என் மனைவி, 14 வயது மகள், கால்கரியில் இருக்கும் ஆச்சி, அயித்தான். அப்பச்சி என்று நான் சொல்வது என் அப்பாவை, ஆத்தா என்பது அம்மாவை, ஆச்சி என்பது அக்காவை, அயித்தான் என்பது அக்காவின் கணவரை. வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். அயித்தான்தான் முழுக்க வண்டி ஓட்டினார்.

அப்பச்சி கல்லுக்கட்டியில் ஒரு மண்டியில் 40 ஆண்டு கணக்கு எழுதியவர். ஆத்தா இருந்தவரை ஊரை விட்டு நகர்ந்ததில்லை. ஆத்தா போன பிறகு முகப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அங்கேயேதான். ஒருநாள் டிவியில் கரிபூ மான்கள் ஆயிரக்கணக்கில் ஓர் ஆற்றை நீந்திக் கடக்கும் காட்சி ஓடியது. குட்டிகளும் நீந்தின. அப்பச்சி நாற்காலியிலிருந்து எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "இத ஒருதரம் நேர்ல பாத்துரணும் தம்பி" என்றார். தனக்கென்று எதுவும் கேட்டறியாத மனிதர். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இத்தனை ஏற்பாடும்.

கரிபூவும், கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பதாகப் படம் போடும் ரெயின்டியரும் ஒரே இனம். மான் இனங்களில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதற்குத்தான். யூக்கானுக்கும் அலாஸ்காவுக்கும் இடையில் ஆண்டுதோறும் போய்வரும் பெரிய கூட்டத்துக்கு, அங்கே ஓடும் ஆற்றின் பெயரால் போர்க்குபைன் கூட்டம் என்று பெயர். 2017 கணக்கெடுப்பில் அதில் ஏறத்தாழ 2,18,000 மான்கள். டெம்ப்ஸ்டர் சாலை அந்தக் கூட்டம் நடமாடும் நிலத்தை ஊடறுத்துப் போகிறது என்பதை வரைபடத்தில் பார்த்தேன். அயித்தானுக்கு ஜூலையில்தான் லீவு. மகளுக்குப் பள்ளியில் அனுமதி வாங்கினேன். டிக்கெட் போட்டாயிற்று. எங்கே என்று பார்த்தவன், எப்போது என்று பார்க்கவில்லை. பயணத்தின் முழுக் கோளாறும் இதற்குள் அடக்கம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது கோளாறாகவே தெரியவில்லை.

அந்தச் சாலை

யூக்கானின் பரப்பு 4,82,443 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். அங்கே வசிப்பவர்களோ காரைக்குடி நகரில் இருப்பவர்களில் பாதிப் பேர்கூட இல்லை. தலைநகர் வைட்ஹார்ஸிலிருந்து வடக்கே 530 கிலோமீட்டரில், பழைய தங்கவேட்டை ஊரான டாசன் சிட்டி. அதற்கு 40 கிலோமீட்டர் முன்பாகவே டெம்ப்ஸ்டர் பிரிகிறது. பிரிந்து 736 கிலோமீட்டர் வடக்கே போய் இனுவிக் என்ற ஊரில் முடிகிறது. 1959-இல் தொடங்கி 1979-இல் திறந்தார்கள். ஏறத்தாழ முழுக்கச் சரளைச் சாலை. தார் போட முடியாதென்று விட்டதல்ல, காரணத்தோடு செய்தது. அடியில் நிலம் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கிறது. அதன்மேல் நேரடியாகச் சாலை போட்டால் வெயில் சூடு இறங்கி, உறைந்த மண் இளகி, சாலை உள்வாங்கிவிடும். அதனால் ஓர் ஆள் உயரத்துக்குச் சரளையைக் கொட்டி மேடாக்கி, அந்தச் சரளையையே போர்வையாக விரித்திருக்கிறார்கள். நம் செட்டிநாட்டு வீட்டைத் தரையிலிருந்து உயர்த்தி மேடைபோட்டுக் கட்டியது மழைவெள்ளத்துக்கு அஞ்சி. இங்கே அஞ்சுவது தரை இளகிவிடுமே என்று.

பிரிவிலிருந்து 369-ஆவது கிலோமீட்டரில், ஈகிள் பிளெயின்ஸ் என்ற இடத்தில் ஒரு விடுதியும் பெட்ரோல் பங்கும் இருக்கின்றன. அதுவரை பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது, கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. 405-இல் ஆர்க்டிக் வட்டம். நாங்கள் போனது அதுவரைதான்.

சாலையின் பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற போலீஸ் அதிகாரியும் மூன்று பேரும் நாய்ச் சறுக்குவண்டிகளில் ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பினார்கள். சில நாள் வழிகாட்டிய அந்த மண்ணின் க்விச்சின் மனிதரைப் பாதியில் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்ப வேண்டிய ஓடையைத் தேடித் தேடி நாள் போயிற்று, உணவு தீர்ந்தது, நாய்களைக் கொன்று தின்றார்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்ப முயன்று நால்வரும் மடிந்தார்கள். கடைசி இருவரின் உடல்கள் கிடந்தது ஃபோர்ட் மெக்ஃபர்சனுக்கு வெறும் 40 கிலோமீட்டர் தூரத்தில். 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் கார்ப்பரல் டெம்ப்ஸ்டர். வழி தெரிந்தவரை அனுப்பிவிட்டுப் போன கதையை வண்டியில் மகள் படித்துச் சொன்னபோது எல்லோரும் உச்சுக் கொட்டினோம். அன்று காலையில்தான், வழி தெரிந்தவர்கள் இருந்த கட்டடத்தைத் தாண்டி நிற்காமல் வந்திருந்தோம்.

அது 71-ஆவது கிலோமீட்டரில் இருக்கும் டூம்ஸ்டோன் பூங்காவின் தகவல் நிலையம். 2,200 சதுர கிலோமீட்டர்ப் பூங்கா. ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் பாரம்பரிய நிலம். "திரும்புறப்ப பாத்துக்கலாம்" என்று அயித்தானிடம் சொன்னது நான்தான். அன்றைக்கு 409 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று நானே எழுதிவைத்திருந்தேன்.

அப்பச்சியின் நோட்டு

அப்பச்சி ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தார். மேலே பிள்ளையார் சுழி, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. பற்றில் கிலோமீட்டர், வரவில் விலங்கு. பேனாவை இரண்டு விரலில் செங்குத்தாகப் பிடித்து, எழுத்து கோட்டைத் தொடாமல், மண்டியில் எழுதிய அதே கை. இந்த ஆய்வுக்கு ஆதாரம் அந்த நோட்டுதான். என் நினைவை நான் அவ்வளவு நம்பமாட்டேன்.

முதல் நாள், வைட்ஹார்ஸ் முதல் டாசன்: பற்று 530. வரவு: கருங்கரடி 1, நரி 1. கரடி சாலையோரத்தில் மஞ்சள் பூக்களை வாயால் உருவித் தின்றுகொண்டிருந்தது. இரண்டாம் நாள் டாசனில் ஓய்வு. மூன்றாம் நாள், டாசன் முதல் ஈகிள் பிளெயின்ஸ்: பற்று 409. வரவு: முயல் 2, குஞ்சுகளோடு பனிக்கௌதாரி 1. கரிபூ என்று எழுதி எதிரே ஒரு கோடு. நான்காம் நாள்: பற்று 170, வரவு ஒரு வல்லூறு. கரிபூ, கோடு. ஐந்தாம் நாள், டூம்ஸ்டோனுக்குத் திரும்பியது: பற்று 297, வரவு முள்ளம்பன்றி 1. கரிபூ, கோடு.

ஆக மொத்தம் 1,406 கிலோமீட்டர். அப்பச்சி குறைசொல்லவில்லை. ஒவ்வொரு மாலையும் அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து நேராகப் போட்டார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

டயர்

நான்காம் நாள் ஆர்க்டிக் வட்டத்தின் பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு தெற்கே திரும்பினோம். ஈகிள் பிளெயின்ஸைத் தாண்டி 49 கிலோமீட்டரில் பின்சக்கரம் போயிற்று. இறங்கிப் பார்த்தால் ஆணி குத்தியதுபோல் இல்லை. டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு, அரிவாள்மணையில் வைத்து அரிந்தமாதிரி வெட்டு. அந்தப் பகுதிச் சரளை பலகைக்கல்லை உடைத்துப் போட்டது. சில்லுச் சில்லாகக் கூர்முனையோடு கிடக்கிறது. மகள் ஒன்றைக் கையில் எடுத்து உடனே கீழே போட்டாள்.

வண்டி எடுத்த நிறுவனத்தில் சரளைச் சாலைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் கேட்டோம். தந்தது நகரத்துக்கான மெல்லிய டயர்; ஸ்டெப்னி என்று உள்ளே இருந்தது சைக்கிள் சக்கரத்துக்குக் கொஞ்சம் தடித்த ஒன்று. அதை வாங்கும்போதே திறந்து பார்க்காதது என் பொறுப்பு. அந்தச் சாலைக்குப் போகிறவர்கள் கனமான டயர் போட்ட வண்டி, முழு அளவு ஸ்டெப்னி, முடிந்தால் இரண்டு, என்று கேட்டு வாங்கவேண்டும். வண்டியை எடுக்குமுன் டிக்கியைத் திறந்து கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். சிக்னல் இல்லாத இடம் என்பதால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றையும் வாடகைக்கு எடுக்கவேண்டும். அதை அயித்தான் மறக்கவில்லை.

எதிரே வந்த லாரி ஓட்டுநர் கேட்காமலே நிறுத்தி, ஜாக்கி போட்டு, சக்கரம் மாற்றிக் கொடுத்தார். இந்த ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு தெற்கே போகாதீர்கள், திரும்பி ஈகிள் பிளெயின்ஸ் போய் டயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஆச்சி அவருக்குத் தேன்குழலும் சீப்புச் சீடையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஊர்ந்து ஊர்ந்து திரும்பி, அங்கேயே இன்னொரு இரவு தங்கினோம். இந்த டயர் நிகழ்வால் பயணத்துக்கு ஆன நட்டம் பாதி நாளும் பணமும். பெரிய காரணம் இதுவல்ல. ஆனாலும் அன்று இரவு சாப்பாட்டு மேசையில்தான், இருட்டாத ஜன்னலுக்குப் பக்கத்தில், அப்பச்சி நோட்டைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"பற்று ஏறிக்கிட்டே போகுது, வரவக் காணோம். தடத்துல ஏதோ பிசகு இருக்கு, பாரு" என்றார். மண்டியில் ஒரு கணக்கு ஒத்துவராதபோது பையன்களிடம் சொல்வதும் இதே தொனியில்தான் இருந்திருக்கும்.

பிசகு எங்கே

மறுநாள் மாலை டூம்ஸ்டோன் தகவல் நிலையத்துக்குள் போனோம். மேசைக்குப் பின்னால் நடுவயதுப் பெண் ஒருவர் இருந்தார். கரிபூ பார்க்க இந்தியாவிலிருந்து வந்தோம், ஐந்து நாளாக ஒன்றும் இல்லை என்று அயித்தான் சொன்னார். அவர் சுவரில் இருந்த பெரிய வரைபடத்துக்குப் போய், நாங்கள் நின்ற இடத்தைக் கீழே தொட்டுக் காட்டி, கையை மேலே, மேலே, ஆர்க்டிக் கடலோரம்வரை கொண்டுபோய் அங்கே வைத்தார். ஜூலையில் அவை இங்கே, என்றார்.

அவர் விளக்கியதையும், பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். போர்க்குபைன் கூட்டம் ஏப்ரலில் குளிர்கால நிலத்தைவிட்டு வடக்கே கிளம்புகிறது. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் கடலோரச் சமவெளியில் ஈனுகிறது. அங்கே அப்போதுதான் கோரைப்புல் துளிர்க்கும். பால் கொடுக்கும் தாய்க்கு அந்தத் துளிர் வேண்டும். ஓநாயும் கரடியும் மலைப்பக்கத்தைவிட அங்கே குறைவு. ஜூலையில் கொசுவும் ஈயும் கிளம்பியதும் காற்று வீசும் கடலோரத்திலும் மேடுகளிலும் நெருக்கியடித்து நிற்கும். ஆகஸ்டில் கலைந்து, செப்டம்பர், அக்டோபரில் தெற்கே இறங்கும். டெம்ப்ஸ்டர் சாலையை அவை கடப்பது அப்போது. அதுவும் எல்லா ஆண்டும் ஒரே வழியில் வருவதில்லை.

கேட்டுக்கொண்டிருந்த மகள் ஒன்று சொன்னாள். "அப்பா, மே மாசம் வேட்டங்குடிக்குப் போன மாதிரி."

எனக்கு முகம் சூடானது. திருப்பத்தூர்ப் பக்கத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் எங்களுக்குப் பழகிய இடம். 1977-இல் அறிவிக்கப்பட்டது, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களும் வேட்டங்குடிப்பட்டிக் கண்மாயும் சேர்ந்தது. ஐப்பசி மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தைகொத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் வந்து கருவேல மரத்தில் கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், பிறந்ததிலிருந்து அப்படி. மாசி முடிந்தால் குஞ்சுகளோடு பறந்துபோகும். சித்திரையில் போனால் வெடித்த களிமண்ணும் ஆட்டுப் புழுக்கையும்தான். சரணாலயம் என்ற பலகை மட்டும் அப்படியே நிற்கும். இது காரைக்குடியில் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். நான் கனடாவில் செய்தது, அந்தப் பலகையைப் பார்க்கச் சித்திரையில் ஆறு பேரைக் கூட்டிப்போனது.

இது முதல் பிசகு. இரண்டாவது, நாளின் பொழுது. மூன்று நாளும் காலை பத்துக்குக் கிளம்பி மாலை ஆறுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோம். ஊரில் உச்சிவெயிலில் ஆடுகூட மேயாது, நிழலில் படுத்து அசைபோடும். அங்கே ஜூலையில் இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கிறது. விலங்குகள் பல மேயக் கிளம்புவது நாங்கள் போர்த்திக்கொண்டு படுத்த பிறகு. மூன்றாவது, வேகம். பூங்காவிலிருந்து பிளாக்ஸ்டோன் ஆறுவரை, 72 முதல் 115-ஆவது கிலோமீட்டர்வரை, மூன்றாம் நாள் 40 நிமிடத்தில் கடந்தோம். பார்த்தது அந்த ஒரு பனிக்கௌதாரி.

"அப்ப இங்க ஒண்ணுகூட இருக்காதாமா?" என்று அப்பச்சி கேட்டார். அயித்தான் மொழிபெயர்த்தார். அந்தப் பெண் அப்பச்சியைப் பார்த்தே பதில் சொன்னார். பெரிய கூட்டம் இல்லை. ஆனால் ஹார்ட் ரிவர் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. சிறியது, ஆண்டு முழுதும் இந்த மலைகளிலேயே இருப்பது. மதியத்துக்குமேல், காற்று இல்லாத வெக்கையான நேரத்தில், மலையில் உருகாமல் மிஞ்சியிருக்கும் வெள்ளைத் திட்டுகளைப் பாருங்கள். உடனே பார்த்துவிட்டு நகராதீர்கள்.

டாசனில் தங்கச் சுரங்கம் பார்ப்பதற்கு வைத்திருந்த இரண்டு நாளையும் அந்த இடத்திலேயே எடுத்துவிட்டேன். கூடாரத் திடலில் தங்கினோம். அப்பச்சிக்கு வண்டியின் பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டோம்.

திடலில் ஒரு சிறு பாடம். முதல் மாலை மாவுருண்டைத் தூக்கு மேசைமேல் திறந்திருந்தது. பக்கத்துக் கூடாரத்து யூக்கான்காரர் வந்து, தயவுசெய்து இதை வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள் என்றார். நெய்வாசனை கரடிக்கு வெகுதூரம் போகும். ஒருமுறை மனிதச் சாப்பாட்டு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும்; கடைசியில் அதைச் சுட்டுத்தான் கொல்வார்கள். தூக்கு, சோப்பு, பற்பசை வரை எல்லாம் வண்டிக்குள் போனது. சமைத்த பாத்திரத்தை உடனே கழுவினோம். தரை அணில்கள் காலடியில் வந்து கெஞ்சினாலும் மகள் ஒரு பருக்கை போடவில்லை. நம் அணிலைவிடப் பெரியவை. முதுகில் ராமர் போட்ட மூன்று கோடு கிடையாது, புள்ளிகள்தான். ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள் உறங்குகின்றன. அப்போது அவற்றின் உடல்சூடு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும், ரத்தம் மட்டும் உறையாது. அதைப் படித்ததிலிருந்து மகளுக்கு அந்தப் பயணத்தில் பிடித்த பிராணி அதுதான், கரடியெல்லாம் பிறகு.

வெள்ளைத் திட்டு

ஆறாம் நாள் மதியம் இரண்டு மணி. நார்த் ஃபோர்க் கணவாய்க்குப் பக்கத்தில், சாலை அகன்ற இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினோம். அந்தக் கணவாய் நீர்பிரி மேடு. இந்தப் பக்கம் பெய்யும் மழை யூக்கான் ஆற்றில் சேர்ந்து பெரிங் கடலுக்கு, அந்தப் பக்கம் பெய்வது மெக்கன்சியில் சேர்ந்து ஆர்க்டிக் கடலுக்கு. காற்று நின்றுபோயிருந்தது. கொசு மூக்கிலும் காதிலும் ஏறியது. தலைக்கு வலை போட்டுக்கொண்டுதான் இறங்க முடிந்தது. எதிர் மலையில் மூன்று வெள்ளைத் திட்டுகள். பெரியது நம் ஊர் ஊருணி அளவு இருக்கும்.

பைனாகுலரை முதலில் அப்பச்சியிடம் கொடுத்தேன். பார்த்தார், தலையாட்டினார். மகள் பார்த்தாள். நான் பார்த்தேன். அழுக்குப் பனி, அங்கங்கே கல். முக்கால் மணிநேரம் போயிற்று. எனக்கு உள்ளுக்குள் பரபரப்பு. அடுத்த இடத்துக்குப் போகலாமா என்று வாய்வரை வந்தது. அப்பச்சி மடக்கு நாற்காலியில், முகப்பில் உட்காருவதுபோலவே உட்கார்ந்திருந்தார். மனிதர் நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்காருகிறாரே என்று ஊரில் நாங்கள் கவலைப்பட்டோம். அந்த மலைக்கு முன்னால் எங்களில் வேறு யாருக்கும் அது கைவரவில்லை.

"அந்தக் கல்லு ரெண்டும் இப்ப அங்க இல்ல" என்றார்.

பைனாகுலரை வாங்கி மகள் பார்த்தாள். "ஐயா! தலைய ஆட்டுது!"

அப்பச்சி மறுபடி வாங்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். மூட்டை எண்ணுவதுபோல் இரண்டு இரண்டாக, உதடு அசைய. நாலு ரெண்டு எட்டு, ஒண்ணு ஒம்போது. ஒன்பது கரிபூக்கள். இரண்டு குட்டிகள் பனியில் படுத்திருந்தன. பெரியவை நின்றபடியே காலை உதைத்தன, தலையைக் குலுக்கின, ஒன்று மூக்கைப் பனிக்குள் புதைத்து எடுத்தது.

ஏன் அப்படிச் செய்கின்றன என்பதை அந்தப் பெண் முந்தின நாளே சொல்லியிருந்தார். கொசு மட்டுமல்ல. ஒருவகை ஈ கரிபூவின் மூக்குத்துளையில் புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகும். இன்னொன்று ரோமத்தில் முட்டையிடும். புழு தோலுக்கடியில் துளைத்துப் போய்க் குளிர்காலம் முழுதும் அங்கேயே வளரும். பனித்திட்டின் மேல் குளிர் இருப்பதால் ஈ அவ்வளவாக வராது. மேய்ச்சலை விட்டுவிட்டுப் பட்டினியாக அவை அங்கே நிற்பது அதனால்தான்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1997-இல் தெற்கு யூக்கானில் குசாவா ஏரிப்பக்கத்து மலையில், ஆட்டு வேட்டைக்குப் போனவர்கள் உருகும் பனித்திட்டின் ஓரத்தில் கறுப்பாகப் புழுக்கை குவிந்து கிடப்பதைப் பார்த்தார்கள். கரிபூப் புழுக்கை, அந்த மலையில் கரிபூ பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. பனிக்குள் பத்திரமாக இருந்து அப்போதுதான் வெளிவந்தது. அதோடு எறியீட்டியின் மரத்தண்டும் கிடைத்தது. பிறகு பல திட்டுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய ஈட்டிகளும் அம்புகளும், கட்டிய நரம்பும் ஒட்டிய இறகும்கூடக் கெடாமல், வெளிவந்தன. கோடை மதியத்தில் கரிபூ எங்கே நிற்கும் என்பது அந்த மண்ணின் மக்களுக்கு அத்தனை காலமாகத் தெரிந்திருக்கிறது. இந்த ஒரு விவரத்தை நினைக்கும்போதெல்லாம், நிற்காமல் தாண்டிப்போன அந்தத் தகவல் நிலையம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஒன்றரை மணிநேரம் இருந்தோம். காற்று எழுந்ததும் அவை பனியைவிட்டு இறங்கி, வரிசையாகச் சரிவைத் தாண்டி மறைந்தன. அப்பச்சி நோட்டை எடுத்தார். கரிபூ என்று எழுதி, இந்தமுறை கோட்டுக்குப் பதிலாக 9.

அன்று இரவு பத்துக்கு மேல், அதே 43 கிலோமீட்டரில் மெல்ல ஓட்டிப் போனோம். டூ மூஸ் லேக் என்ற ஏரியில், மூஸ் என்ற பெரிய மான் இனத்தில் ஒரு பெண்ணும் குட்டியும் வயிறளவு தண்ணீரில் நின்று தலையை முழுக்கி நீர்ப்பூண்டு தின்றன. நிமிரும்போதெல்லாம் காதிலிருந்து தண்ணீர் வழியும் சத்தம் கேட்டது. மறுநாள் விடியலில் பிளாக்ஸ்டோன் சமவெளியில் ஒரு கிரிஸ்லி கரடி. சாலையிலிருந்து நல்ல தூரம். வண்டியை விட்டு யாரும் இறங்கவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டோம். கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. தோள்பட்டைத் திமில் ஏறி இறங்க, புல்லோடு மண்ணைப் பெயர்த்து, கம்பளி விரிப்பைச் சுருட்டுவதுபோல் சுருட்டிப் புரட்டியது. கரடியிடமிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்பது அந்நாட்டுப் பூங்காக்கள் சொல்லும் அளவு. எங்களுக்குப் பின்னால் வந்த கார் ஒன்றிலிருந்து ஒருவர் படமெடுக்க இறங்கிச் சரிவில் நடந்தார். கரடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தோண்டிய கிழங்கை அப்படியே போட்டுவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. குளிர்காலம் முழுதும் உண்ணாமல் உறங்கப்போகும் பிராணிக்கு ஒவ்வொரு கிழங்கும் கணக்கு. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் இருக்கிறது.

கடைசி இரண்டு நாளின் பற்று, நோட்டின்படி, 140 கிலோமீட்டர். வரவு அடுத்த பக்கத்துக்கும் ஓடியிருக்கிறது.

திட்டத்தில் மாற்றியவை

பெரிய கூட்டம்தான் வேண்டும் என்றால் ஜூலை டிக்கெட் போட்டுத் தரமாட்டேன் என்று இப்போது கேட்பவர்களிடம் நேராகவே சொல்கிறேன். செப்டம்பருக்கு மேல் போகலாம். அப்போதும் வழி மாறினால் காணக்கிடைக்காது, பனிப்பொழிவும் தொடங்கியிருக்கும், முதியவர்களுக்குக் கடினம். ஜூலையே முடியும் என்பவர்களுக்கு டூம்ஸ்டோனில் குறைந்தது மூன்று இரவு, முதல் வேலையாகத் தகவல் நிலையம். ஆர்க்டிக் வட்டத்துப் பலகைக்காக 600 கிலோமீட்டருக்கு மேல் போய்வர வேண்டுமா என்பதை அவர்கள் முடிவுக்கு விடுகிறேன். என்னைக் கேட்டால் வேண்டாம். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டருக்குமேல் போடுவதில்லை. மதியத்தில் ஓட்டம் இல்லை, உட்கார்ந்து பார்ப்பது மட்டும். மடக்கு நாற்காலி ஆளுக்கொன்று, கொசுவலைத் தொப்பி, நல்ல பைனாகுலர் இரண்டு. கரடித் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கே போய் வாங்கவேண்டும்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து அயித்தான் போன் செய்தார். அவரோடு வேலை பார்க்கும் கனடாக்காரர் ஒருவர், செட்டிநாட்டு வீடுகளும் வேட்டங்குடிப் பறவைகளும் பார்க்கவேண்டும் என்கிறார். மே மாதம் லீவு, ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பச்சி, நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "தை மாசம் வரச் சொல்லு மாப்ள. கண்மாய்ல அப்பத்தான் தண்ணி கெடக்கும். வர்றதுக்கு மொதல்ல, கொள்ளுகுடிப்பட்டில ஆரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்."